துரை கொண்டுவந்த புறா

லண்டனில் உள்ளூராட்சிக் கவுன்சில் வாடகைக்குத் தரும் வீடுகளின் குடியிருப்பு ஒப்பந்தத்தில் பிராணிகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு. குடியிருப்பாளர் நாய், பூனை, பறவை முதலிய எதையும் வளர்ப்பதற்கு முன்னர் எழுத்து மூலம் விண்ணப்பித்து, எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். அனுமதியின்றி வளர்ப்பது ஒப்பந்த மீறல். அயலவருக்குத் தொந்தரவு நேர்ந்தால் வீட்டைத் திருப்பி எடுக்கவும் கவுன்சிலுக்கு உரிமை உண்டு. இந்தப் பிரிவை என்னளவுக்கு அறிந்தவர்கள் கிழக்கு லண்டனில் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆட்குறைப்பு என்று சொல்லி முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பும்வரை, கவுன்சிலின் வீட்டுப் பகுதியில் இருந்து இதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். படுக்கையறையில் பாம்பு வளர்த்தவருக்குச் சொல்லியிருக்கிறேன். குளியல் தொட்டியில் வாத்து வளர்த்தவருக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் பூனையோடு குடிவராமல், ஏற்கெனவே பூனை குடியிருந்த வீட்டுக்கு ஒருவர் குடிவந்தால் யார் யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்வதில்லை. எங்கள் சங்கடம் அங்கேதான் தொடங்கியது.

எண்பத்தைந்தாம் ஆண்டு தை மாதக் குளிரில், அப்டன் பார்க்குக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டுக்கு வந்தோம். கவுன்சில் தற்காலிகமாகத் தந்த வீடு. எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுப்போம் என்று திறப்பைக் கையில் தரும்போதே சொல்லித்தான் தந்தார்கள். அதற்கு முன் மாமாவின் ஒற்றை அறையில் எல்லோரும் படுத்தெழும்பினோம். எங்கள் அகதி விண்ணப்பத்தைப் பற்றி ஹோம் ஆபீஸ் ஒரு முடிவுக்கும் வந்திருக்கவில்லை. இந்த வீடும் போனால் போவதற்கு வேறிடம் இல்லை என்பது பன்னிரண்டு வயதிலேயே எனக்கு நன்றாகத் தெரியும். மறந்துவிடாமல் அப்பா பார்த்துக்கொண்டார். அவர் யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். லண்டனில் பாண் என்னும் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓர் அரசாங்கத்திடமிருந்து தப்பி ஓடிவந்தவர் என்றாலும், அரசாங்கம் என்ற பொருளின் மேல் அவருக்கிருந்த பயபக்தி சிறிதும் குறைந்திருக்கவில்லை.

குடிவந்த அன்று எங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் போனது பூனை. சாம்பல் நிறம், கிழிந்த ஒரு காது, தடித்த கழுத்து. முன்னர் இருந்தவர்கள் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். பின்கதவில் உடைந்திருந்த கண்ணாடி வழியாக நுழைந்து, மாடியில் சுடுதண்ணீர்த் தாங்கி இருந்த அலுமாரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டிலேயே சூடான இடம் அதுதான். அதே காரணத்துக்காகவும், கதவைச் சாத்தி வைக்கலாம் என்பதற்காகவும் அம்மா அந்த அலுமாரியைத்தான் சாமியறை ஆக்கினார். மேல்தட்டில் பிள்ளையாரும் முருகனும்; கீழே பூனை.

"உவன்தான் வீட்டுக்காரத் துரை, அக்கா. நாங்கள் அவனிட்டை வாடைக்கு இருக்கிறம்" என்றார் மாமா. அம்மாவின் தம்பியான அவர் பெட்ரோல் ஷெட்டில் வேலை செய்தபடி எங்கள் வீட்டுக்கு நாளாந்தம் சாப்பிட வந்துபோனவர். பூனைக்குத் துரை என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

எங்கள் வீடு மச்சம் மாமிசம் புழங்காத சைவ வீடு. முட்டை கலந்த கேக்கைக்கூட அம்மா வாசலுக்கு வெளியே வைத்துத்தான் விசாரிப்பார். துரையோ முழுநேர வேட்டைக்காரன். எலி, சுண்டெலி, சிட்டுக்குருவி என்று தினமும் ஒன்றைக் கவ்விக்கொண்டு வரும். தின்னாது. நேரே மாடிக்கு ஏறி, அலுமாரியின் முன்னால், மேல்தட்டுச் சாமிகளுக்கு நேர் கீழே வைத்துவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்து முடித்த உத்தியோகத்தரைப் போல அமர்ந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ வீட்டு அடுப்படியிலிருந்து பொரித்த பன்றி சொசேஜ் ஒன்று வந்தது. அன்று அம்மா மஞ்சள் தண்ணீரை வாசல்வரை தெளித்தார். துரையைத் துரத்தினாரா என்றால் இல்லை. பாலும் சோறும் வைத்தார். "அதுக்கு வேறை ஆர் இருக்கினம்?" என்பார்.

எனக்குத் துரையைப் பிடிக்கும். ஆனால் துரையால் கூச்சமாகவும் இருந்தது. அந்த வயதில் என்னைக் கூசவைக்காதது வீட்டில் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தி வந்தபோது துரை செத்த எலியோடு மாடிப்படியில் அவளைத் தாண்டிப் போனது. பின்னாலேயே அம்மா மஞ்சள் செம்போடு போனார். அவள் பிறகு வரவில்லை.

வேலிக்கு அடுத்த பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியாக இருந்தார். நெடிய மனிதர், குனிந்த நடை. பின்வளவின் கோடியில் பலகையால் அடித்த கூட்டில் புறாக்கள் வளர்த்தார். அந்திப்பொழுதில் தானியம் போட்ட தகரப்பேணியைக் குலுக்குவார். வானத்தில் சுற்றிக்கொண்டிருப்பவை எல்லாம் இறங்கி வரும். பறக்காமல் வேலியிலேயே உட்கார்ந்திருக்கும் புறா ஒன்றும் இருந்தது. வெள்ளையில் செம்புள்ளி. அது அவருடைய தோளில் ஏறி வீட்டுக்குள்ளே போகும்.

நாங்கள் குடிவந்த நாளில் அவருடைய வாசல் படலையடியில் கறுப்புப் பைகள் கிடந்தன. ஒன்று வாய் திறந்து, பெண்கள் போடும் வெளிர்நீலக் கோட்டு ஒன்று வெளியே சரிந்திருந்தது. நாங்கள் குளிர் உடுப்பில்லாமல் வந்தவர்கள். மாமா அதை எடுத்து உதறி, "அக்கா, உங்கட அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்றார். தெருவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். பிறத்தியாருடைய குப்பையைக் கிளறும் குடும்பம் என்று முதல்நாளே பெயர் வாங்கப்போகிறோமே என்று எனக்கு முகம் எரிந்தது. அம்மா அந்தக் கோட்டை மாமாவின் கையிலிருந்து வாங்கினார். அதன் கையை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு ஒழுங்காக மடித்து, பையிலேயே வைத்துக் கட்டினார். "வை தம்பி. இது எறிஞ்ச சாமான் இல்லை" என்றார். எறிந்த சாமான்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அதன் பிறகு அடுப்படி யன்னலால் அம்மா அந்த வளவை அடிக்கடி பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். கொடியில் ஆம்பிளை உடுப்பு மட்டும் காய்வதாக ஒருநாள் சொன்னார். "ஒருக்கால் போகவேணும்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. போனால் நான்தான் கூடப் போய்க் கதைக்க வேண்டும். ஆகையால் கேட்காமலிருப்பதே எனக்கு வசதி.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை துரை அந்தச் செம்புள்ளிப் புறாவைக் கொண்டுவந்தது.

முதலில் கண்டது நான். அலுமாரிக் கதவடியில் கழுத்து மடங்கிக் கிடந்தது. காலில் உலோக வளையம். துரை வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்து, பாராட்டை எதிர்பார்த்தது. நான் கத்தினேன். எல்லோரும் படியேறி வந்தார்கள். வேலிக்கு அப்பால் தகரப்பேணி குலுங்கும் சத்தம் கேட்டது. காலையில் அவர் பேணி குலுக்குவதில்லை. தேடுகிறார்.

"ஒரு பையுக்கை போட்டுத் தாங்கோ" என்றார் மாமா. "வேலைக்குப் போற வழியிலை எங்கையாவது போட்டிட்டுப் போறன். பூனைக்கும் புறாவுக்கும் இடையிலை நடந்ததுக்கு நாங்களே பொறுப்பு?"

அப்பா வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வளையம் போட்ட பறவை உடைமை. உடைமைக்கு நட்டம் விளைவித்தால் முறைப்பாடு வரும். முறைப்பாடு வந்தால் கவுன்சில் விசாரிக்கும். விசாரித்தால் அனுமதியில்லாத பூனை வெளிப்படும். பூனை வெளிப்பட்டால் வீடு போகும். அவர் இதைப் படிப்படியாக, விரல்விட்டு எண்ணிச் சொன்னார். பின்னாளில் அதே கவுன்சிலில் வேலை செய்து அறிந்தது என்னவென்றால், அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட உறுதியானதில்லை. கிழவரும் கவுன்சில் குடியிருப்பாளர்தான். அவரிடமும் புறாக்களுக்கான அனுமதி இருந்திருக்காது. ஆனால் அன்று வீட்டில் சட்டம் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான்.

அம்மா உடுப்புப் பெட்டியிலிருந்து அப்பாவின் பழைய வேட்டியை எடுத்து ஒரு துண்டு கிழித்தார். புறாவைத் துடைத்து, செட்டைகளை ஒடுக்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, என்னுடைய சப்பாத்துப் பெட்டியில் வைத்தார்.

"நாளைக்குக் காலமை போவம். நீங்கள், நான், பிள்ளை. சமைச்சுக் கொண்டு போகவேணும். அந்த மனிசன் அடுப்பு மூட்டியிருக்காது."

மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, புறாவுக்கே செத்தவீடு?"

"நீ வரவேண்டாம்."

"நான் ஏன் வாறன்? நான் குற்றவாளிக்குக் காவல் இருக்கிறன்."

மறுநாள் அம்மா வெளிர்நிறச் சேலை உடுத்தினார். பொட்டைச் சிறிதாக்கினார். அப்பா கழுத்துப்பட்டி கட்டி, அதன் மேல் தொழிற்சாலைக் கோட்டைப் போட்டார். என்னிடம் வெள்ளையில் வேறு உடுப்பு இல்லாததால் பள்ளிக்கூடச் சட்டையைப் போடச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், பள்ளிக்கூடச் சட்டையுடன், கையில் சப்பாத்துப் பெட்டியைத் தாங்கியபடி நான் முன்னால். சாப்பாட்டுக் கரியரோடு அம்மா பின்னால். தலைகுனிந்து அப்பா அதற்கும் பின்னால். எங்கள் படலையிலிருந்து அடுத்த படலைக்கு அந்த ஊர்வலம் போய்ச் சேர எத்தனை பேர் யன்னலால் பார்த்தார்களோ. அம்மா வழியில் எனக்கு விதிமுறைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்களாகக் கதையைத் தொடங்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. எழும்பும்போது "போட்டு வாறம்" என்று சொல்லக் கூடாது. பேசாமல் வெளியே வந்துவிட வேண்டும்.

"அம்மா, உது எங்கட செத்தவீட்டுப் பழக்கம். இஞ்சை அப்பிடிச் செய்தால் மரியாதை இல்லை எண்டு நினைப்பினம்."

"செத்தவீடு எல்லா இடத்திலையும் செத்தவீடுதான். நட."

கதவைத் திறந்தவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் பெட்டியை நீட்டி, முதல்நாள் இரவெல்லாம் மனப்பாடம் செய்த ஆங்கில வசனத்தைச் சொன்னேன். எங்கள் பூனைதான், மிகவும் வருந்துகிறோம். அவர் வாசலில் நின்றபடியே மூடியைத் திறந்தார். துணியை விலக்கினார். ஒரு விரலால் புறாவின் தலையைத் தடவினார். அதற்கு வயதாகிவிட்டது, பறந்தே வெகுகாலம் என்றார். பூனை பூனையாகத்தானே இருக்கும் என்றார். அவர் ஏசவில்லை. அப்பாவின் மூச்சு எனக்குப் பின்னால் இறங்குவது கேட்டது. நன்றி சொல்லித் திரும்பிவிட அது மிகவும் பொருத்தமான தருணம்.

அம்மா அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

போனது மட்டுமல்ல, முன்னறைக் கதிரையில் அமர்ந்தும்விட்டார். வேறு வழியின்றி நாங்களும் உள்ளே போய் இருந்தோம். அவர் கடைசியாக வந்து, தன் வீட்டிலேயே விருந்தாளி போல ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். யாரும் கதைக்கவில்லை. அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா என்னைப் பார்த்தார், நான் தரைவிரிப்பைப் பார்த்தேன். ஆங்கிலேயர் வீட்டில் மௌனம் எவ்வளவு பெரிய குற்றம் என்று பள்ளிக்கூடத்தில் கற்றிருந்தேன். காலநிலை பற்றியாவது ஒரு வசனம் சொல்லலாமா என்று யோசித்தபோது அம்மாவின் கை என் முழங்காலை அழுத்தியது.

அறை தூசி படிந்து கிடந்தது. கணப்படுப்புத் தட்டுக்கு மேலே சுவரில் ஒரு கலண்டர். பங்குனி மாதத்தில், அதில் இன்னும் முந்தைய வருசத்து நவம்பர் தொங்கியது. ஒரு தேதியைச் சுற்றிப் பேனையால் வட்டம். கலண்டரைக்கூடத் திருப்பாத சோம்பல் என்று நினைத்தேன். அம்மா எழுந்து போய் அதன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறர் வீட்டுச் சுவரை அப்படி உற்றுப் பார்ப்பார்களா? எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. பிறகு அவர் திரும்பி, "பிள்ளை, வரப் பிந்திப்போச்சு எண்டு சொல்லு" என்றார்.

"நேற்றுத்தானே அம்மா..."

"சொல்லு."

சொன்னேன். கிழவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: இந்த வீட்டுக்குள் வந்தது நீங்கள் மட்டும்தான். மற்றவர்கள் கதவடியில் நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதை அப்படியே அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு புறாவுக்கு வேறு யார்தான் வருவார்கள் என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன். நேற்றுச் செத்த புறாவுக்குக் கதவடிவரை வந்த அந்த மற்றவர்கள் யார் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அதன் பிறகு அம்மா செய்தது இன்னும் மோசம். நேராக அவருடைய அடுப்படிக்குப் போய், அலுமாரிகளைத் திறந்து, சாப்பாட்டுக் கோப்பை தேடி எடுத்து, கரியரிலிருந்த சோற்றையும் பருப்பையும் உருளைக்கிழங்குப் பால்கறியையும் போட்டுக் கொண்டுவந்து அவருடைய மடியருகில் வைத்தார். ஒரு கரண்டியையும் கொடுத்தார். முன்பின் தெரியாத வீட்டில். கேட்காமல். அப்பாவின் காதுகள் சிவந்துவிட்டன.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாயில் கண்ணிலிருந்து தண்ணீர் வழியத் தொடங்கியது. கரண்டியைப் பிடித்தபடியே இருந்தார், துடைக்கவும் இல்லை. எனக்கு உயிர் போய் வந்தது. வெள்ளைக்காரருக்கு நம் உறைப்புத் தாங்காது என்று யாருக்கும் தெரியும். சாகடித்தது போதாதென்று கறியாலும் வதைக்கிறோம். நான் அவசரமாக, மன்னிக்க வேண்டும், மிளகாய் கூடிவிட்டது, தண்ணீர் கொண்டுவரட்டுமா என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மிகவும் சாந்தமாக, "ஆமாம் மகளே, மிளகாய்தான்" என்றார். தொடர்ந்து சாப்பிட்டார். அம்மா சற்றுத் தள்ளி, சுவரோடு நின்றுகொண்டிருந்தார். கோப்பை வெறுமையானதும் வாங்கிக் கழுவி வைத்தார். கண்ணால் எங்களுக்குச் சைகை காட்டினார். எழுந்தோம். வாசலில் நான் திரும்பிப் போய்வருகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையில் கிள்ளினார். கள்ளர்களைப் போலச் சத்தமில்லாமல் வெளியே வந்தோம். அவர் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே எதையும் தொட விடாமல் எல்லோரையும் முழுகச் சொன்னார் அம்மா. சுடுதண்ணீர் அவருக்கும் எனக்கும்தான் போதுமாக இருந்தது. பங்குனிக் குளிரில் அப்பா பச்சைத்தண்ணீரில் முழுகிய சத்தம் மாமாவுக்குப் பல நாள் சிரிப்பாக இருந்தது. "அத்தான் புறாவுக்குக் கிட்டின சொந்தம்" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார். அன்று மத்தியானம் அதே சோறும் பால்கறியும்தான் எங்களுக்கும். மாமா ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னக்கா இது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு? ஒரு மிளகாய்தன்னும் போடேல்லையே?"

"அந்த மனிசனுக்கு ஏலாது எண்டுதான் போடேல்லை. ஊறுகாயோடை சாப்பிடு."

நானும் ஊறுகாயைத் தொட்டுத்தான் சாப்பிட்டேன். உறைப்பே இல்லை. அப்படியிருந்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விடயம் அத்தோடு முடிந்தது என்று அப்பா நம்பவில்லை. ஏசாத மனிதன்தான் எழுதிப் போடுவான் என்பது கச்சேரி அனுபவம். கிழவர் முறைப்பாடு செய்வதற்கு முன் நாங்கள் கவுன்சிலுக்கு அறிவித்துவிட வேண்டும். முந்திச் சொன்னவனுக்குத்தான் நீதி. கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பூனை எங்களுக்கு முன்பே வீட்டில் இருந்தமை, அனுமதி பெறத் தவறியமை, அயலவரின் பறவை உயிரிழந்தமை, நாங்கள் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தமை, இனிமேலாவது அனுமதி தந்துதவுமாறு தாழ்மையுடன் வேண்டுகின்றமை. எதையும் மறைக்கக் கூடாது என்பதால் பன்றி சொசேஜும் சேர்க்கப்பட்டது.

"அத்தான், சொசேஜுக்கு ஆர் வழக்கு வைக்கப்போறான்?" என்றார் மாமா.

"பிறகு தெரியவந்தால் மறைச்சதாய்ப் போயிடும்."

"இங்கிலாந்திலையே சொசேஜ் களவை எழுதிக் குடுத்த முதல் சைவக்காரர் நீங்கள்தான்."

என்னுடைய அழகான கையெழுத்தில் அந்த வசனத்தை எழுதியபோது, இதை யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் வாசித்துப் பக்கத்து மேசைக்காரிக்குக் காட்டிச் சிரிப்பாள் என்று கூசினேன். பிற்காலத்தில் அந்த மேசையில் நானே இருந்தேன். கூசியதில் தவறில்லை, சிரிப்போம்.

பதில் வரவில்லை. மாதக்கணக்காகக் காலையில் தபால் விழும் சத்தம் கேட்டால் அப்பா படியில் அப்படியே நின்றுவிடுவார். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, திரும்பிப் போனால் சாமான்கள் வெளியே கிடக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் பெட்டிகளில் ஒன்றை அப்பா பிரிக்கவே விடவில்லை.

அதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரர் மிச்சப் புறாக்களைப் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் இருந்த ஒரு சிநேகிதருக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் பூனையால்தானோ என்று அப்பா என்னை அனுப்பி விசாரித்தார். இல்லை, காலையில் எழுந்து கூட்டைக் கழுவ இடுப்பு விடுவதில்லை என்றார் அவர். வெறுங்கூட்டில் துரை போய்ப் படுத்தது. பிறகு அவருடைய அடுப்படியில் படுத்தது. அங்கே அதற்கு மீன் கிடைத்தது. "சைவப் பூனையாய் எத்தினை நாளைக்குத்தான் நடிக்கிறது" என்றார் மாமா. ஆனால் வேட்டையை மட்டும் துரை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தது; சாப்பாடு அங்கே, காணிக்கை இங்கே. அம்மா சில நாட்களில் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் கறி நீட்டுவார். அது கழுவித் திரும்பி வரும். சில வேளைகளில் அதற்குள் இரண்டு தக்காளிப்பழம் இருக்கும். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றுமில்லை. என்னைக் கூப்பிடுவதையும் அம்மா நிறுத்திவிட்டார். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நான் எழும்பும்போதே அடுப்படியில் வடை பொரியும் மணம். வாழைக்காய், பூசணிக்காய், கத்தரிக்காய் எல்லாம் முதல்நாளே கிரீன் ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்திருந்தார் அம்மா. பாயசம் ஒரு பக்கம் கொதித்தது. பொருட்காட்சி போல எல்லாம் நிறைந்திருக்க, அம்மா முழுகிய தலையோடு கரியரை மினுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா விசேசம்?"

"ஆட்டை" என்றார். இறந்து ஓராண்டு நிறைவுக்குச் செய்யும் படையலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடு. அவையளுக்குத் திதி இல்லைத்தானே. தேதியைத்தான் பாக்கவேணும்."

நான் கணக்கில் வகுப்பிலேயே முதல் ஆள். புறா செத்தது பங்குனியில். இது நவம்பர். ஒரு பறவைக்கு ஆட்டை செய்வதே பைத்தியக்காரத்தனம். அதையும் கணக்குப் பிழைத்துச் செய்கிறார் என்றால், இதை நான் அந்த மனிதருக்கு எப்படி ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவது? எரிச்சலோடு சொன்னேன்.

"அம்மா, புறா செத்து இன்னும் வருசம் ஆகேல்லை."

அம்மா மினுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லையே என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போது பார்ப்பாரே, அப்படி.

"புறாவுக்கு ஆர் ஆட்டை செய்யிறது, விசரி" என்றார்.

அப்படியானால் யாருக்கு என்று கேட்பதுதான் அடுத்த படி. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பார்: கொடியில் இல்லாத பெண் உடுப்பையும், படலையடியில் கிடந்த நீலக் கோட்டையும், நவம்பரிலேயே நின்றுவிட்ட கலண்டரையும், மனைவியைப் பறிகொடுத்துவிட்டு யாரும் உள்ளே வந்திராத வீட்டில் தனியே இருந்த ஒரு மனிதனையும். போகவேண்டும் போகவேண்டும் என்று நாட்களைக் கடத்தியவருக்கு, மொழி தெரியாதவருக்கு, உள்ளே நுழைவதற்கு ஒரு புறா கிடைத்தது என்பதையும். இவற்றையெல்லாம் நானாகக் கூட்டிப் பார்க்க, ஒரு உத்தியோக காலமும், கதவடியில் நின்றபடி அனுதாபம் தெரிவித்துவிட்டுப் படிவத்தை நீட்டுவதற்கு நானே பழகிப்போனதும் தேவைப்பட்டன.

நான் கேட்கவில்லை. அந்தக் கணத்தில் முன்கதவடியிலிருந்து அப்பா என்னை இரண்டு தரம் பெயர்சொல்லிக் கூப்பிட்டார். கரியரை அம்மாவின் கையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். அவர் கையில் கவுன்சிலின் கடித உறை. உடைத்து வாசித்தேன். எங்கள் கடிதம் கிடைத்ததாகவும், பூனை ஒன்றை வளர்க்க அனுமதி தருவதாகவும், அதனால் பக்கத்து வீட்டாருக்கு எவ்விதத் தொந்தரவும் நேரக் கூடாது என்ற நிபந்தனைக்கு அது உட்பட்டதாகவும் எழுதியிருந்தது. அப்பா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். வீடு பிழைத்தது என்ற மகிழ்ச்சியில், அம்மா கரியரைத் தானே தூக்கிக்கொண்டு தனியாக அடுத்த படலைக்குப் போனதை நான் பார்க்கக்கூட இல்லை. துரை வாலை உயர்த்திக்கொண்டு அவருக்கு முன்னால் போனதாம், மாமா சொன்னார்.

தேதி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கலண்டரில் வட்டம் போட்டிருந்த தேதியும் அதுதான் என்பது அன்று எனக்குத் தெரியாது. கவுன்சிலின் பதில் வந்த நாள் என்றுதான் அதை மனதில் குறித்துக்கொண்டேன்: 1985, நவம்பர் பதினாறு.